சோலையப்பன் முழங்காலில் இரண்டு முடிச்சு

“எம் மகளை வெளிய வரச்சொல்லும்மா! அவளைக் கூட்டிக்கிட்டுப் போகாம இந்த ஊருல ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்!”

“குடிக்காதீங்கண்ணே. எங்க ஊருத் தண்ணி உப்பு. ஒங்க ஒடம்புக்கு ஒத்துக்காது.”

“நக்கலா? கண்டவன் காலைப் பிடிக்கிறதுக்கா எம் புள்ளையை இங்கிட்டுக் கட்டிக் குடுத்தேன்? திருமயம் சந்தையில கேக்குறானுக, ‘என்னய்யா, ஒம் மக கடக்கரையில வலைக்காரன் காலைத் தூக்கி மடியில வச்சிருக்காளாமே’ன்னு. நான் மொகத்தை எங்கிட்டுக் கொண்டுபோய் வைக்க?”

“மடியிலன்னு எவன் சொன்னான்? பலகையில வச்சுத்தான் கட்டுறது. நல்ல பலாப் பலகை, எம் மாமியா காலத்துது. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போய்ச் சொல்லச் சொல்லுங்க.”

இந்த அளவுக்கு வந்தபோது என் அடுப்பிலிருந்த குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று வாசலுக்கு வந்துவிட்டேன். எனக்கும் அமராவதி வீட்டுக்கும் நடுவே ஒரு பனைமட்டை வேலிதான். அதில் ஒரு ஓட்டை உண்டு. அந்த ஓட்டையை நான் போடவில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோதே இருந்தது.

கத்திக்கொண்டிருந்தவர் சோலையப்பன். திருமயத்தில் மிளகாய் மண்டி. மிளகாய் மாதிரியே ஆளும் சிவப்பு, குரலும் காரம். அவர் மகள் அழகியை எங்கள் ஊர் நாகராசுக்குக் கட்டிக் கொடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எதிரே, இடுப்பில் கை வைத்து நின்றவள் நாகராசுவின் தாயார் அமராவதி. சம்பந்திகள் இருவரும் அண்ணே, தங்கச்சி என்று முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அன்று அந்த ‘அண்ணே’யைக் கேட்டவர்களுக்கு அது வசவா மரியாதையா என்று சந்தேகம் வந்திருக்கும்.

இது ஐம்பத்தெட்டாம் வருஷம், பங்குனி. மீமிசல் வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மலையாண்டியின் மாட்டு வண்டியை அமர்த்திக்கொண்டு இலந்தைக்குடாவுக்கு வந்திருந்தார் சோலையப்பன். வண்டியை விட்டு இறங்காமலே பாதிச் சண்டையை முடித்துவிட்டார். இறங்கும்போதுதான் தெரிந்தது, வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருப்பது. வேட்டியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன். அமராவதி எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். அவள் தொழில் அது.

எங்கள் ஊரில் வயல் முடிந்த இடத்தில் மணல் தொடங்கும். அந்த மணல் மேடெல்லாம் அடம்பங்கொடிதான். இலை ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். ஊதா நிறத்தில் பூப் பூக்கும். திருக்கை மீனின் முள் ஏறிய கால், சுளுக்கிய கணுக்கால், வீங்கிய முட்டி என்று எது வந்தாலும் சுடுமணலைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்து, அடம்பிலையைப் புன்னை எண்ணெயில் வதக்கி வைத்துக் கட்டுவது அமராவதி வீட்டு வழக்கம். பிள்ளை பெற்றவளுக்குச் சங்கிலை வேண்டுமா, அமராவதி வேலியிலேயே முள்ளோடு நிற்கிறது. ஆண்கள் சிலர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முன்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு, யாருக்கோ கேட்கிற மாதிரி, வீக்கத்துக்கு அரைத்துப் போடும் கழற்சிக்காய் கேட்டு வருவார்கள். யாருக்கு என்று நாங்கள் கேட்பதில்லை. நடையைப் பார்த்தாலே தெரியும்.

கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் வலி போகாமல் அங்கேயே குடியேறிவிடும். அவிழ்த்த இலையைக் கொண்டுபோய் அந்தக் கொடியடியிலேயே போட வேண்டும். இதை யார் எப்போது சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. மீறியவர்கள் இல்லை என்பதுதான் தெரியும். ஒருவனைத் தவிர.

முன்பெல்லாம் அமராவதியின் கைக்குத்தான் கிராக்கி. அழகி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, ஒரு வருஷம் போனதும் கதை மாறிவிட்டது. வருகிறவர்கள், “சின்னம்மா இல்லையா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அமராவதி தெருவில் நின்று, “எம் மருமக கை பட்டாப் போதும்” என்று பீற்றிக்கொள்வாள். உள்ளே போய், “கட்டுத் தளர்ந்திருக்கு, எலை தடிப்பா வச்சிருக்கே, எண்ணெய் பத்தலை” என்று முனகுவாள். இரண்டும் உண்மைதான். இரண்டும் வேலி வழியாகக் கேட்கும்.

சண்டை பிள்ளைப் பேச்சுக்கு வந்திருந்தது. “நாலு வருசமா ஒரு புழு பூச்சி இல்லை. எந்த நேரமும் எலையும் மணலும்னு கெடந்தா எங்கேருந்து வரும்?” என்று சோலையப்பன் கேட்க, “அதுக்கு நீங்க எம் மகனைக் கேக்கணும்” என்று அமராவதி சொல்ல, வண்டி மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நாகராசு தலையைக் குனிந்து மாட்டின் காதைச் சொறிய ஆரம்பித்தான். நல்ல பையன். மாடு, மனிதர் யார் என்ன சொன்னாலும் ‘சரி’ என்பான்.

அப்போதுதான் அழகி கடற்கரைப் பக்கமிருந்து ஓலைப்பெட்டி நிறைய அடம்பிலையோடு வந்தாள். தெருவே திரண்டு நிற்பதைப் பார்த்தும் நடையை மாற்றவில்லை.

“வாங்கப்பா. எப்ப வந்தீங்க? தண்ணி குடிச்சீங்களா?”

“அந்தப் பேச்சை எடுக்காதே. கெளம்பு. துணிமணியை எடு.”

“எங்கிட்டு?”

“திருமயத்துக்கு. இனிமே இங்கிட்டு ஒனக்கு வேலையில்லை.”

அழகி பெட்டியை இறக்கி வைத்தாள். அழவில்லை, மாமியாரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

“அடைக்கலத்துக்குக் கால்ல கட்டுப் போட்டிருக்கேன்பா. திருக்கை முள்ளு. நாளைக்கு அவுக்கணும்.”

“ஒங்க அத்தை அவுக்கட்டும்.”

“கட்டின கைதான் அவுக்கணும்.”

“அவுத்தா என்ன, வானமா இடிஞ்சு விழும்?”

இதற்குப் பதில் வண்டிப் பக்கமிருந்து வந்தது. வண்டிக்கார மலையாண்டி விந்தி விந்தி முன்னால் வந்தான். “விழாது சாமி. காலுதான் விழும். இந்தா பாருங்க. ஆறு வருசத்துக்கு முந்தி அமராவதியக்கா கட்டின கட்டை, மீமிசல்ல ஒரு அவசரம்னு எம் பொண்டாட்டியை விட்டு அவுக்கச் சொன்னேன். அன்னைக்குப் புடிச்ச விந்தல். பொண்டாட்டியும் தங்கிட்டா, விந்தலும் தங்கிடுச்சு.”

அவன்தான் நான் சொன்ன அந்த ஒருவன். அவனுக்கு விந்தல் வந்தது கள்ளுக்கடைப் படியில் விழுந்ததால் என்று இன்னொரு கதையும் உண்டு. சாட்சி சொல்லுகிற நேரத்தில் அதையெல்லாம் யார் கிளறுவது?

சோலையப்பன் முகத்தில் காரம் கொஞ்சம் இறங்கிற்று. திருமயத்திலும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் இதே முறைதான். அவருடைய தம்பி ஒருவர், கட்டியவரிடம் போகாமல் தானே அவிழ்த்துக்கொண்டு, வளைந்த கையோடு இன்னும் திரிகிறார். அழகி கல்யாணத்துக்கு வந்தபோது அந்தக் கையால்தான் எங்களுக்கு அப்பளம் பரிமாறினார்.

“சரி, நாளைக்கு அவுத்துட்டுக் கெளம்பு. நான் மீமிசல்ல போய் இருந்துட்டுக் காலையில வர்றேன். இந்த வீட்டுல தங்க மாட்டேன்” என்று திரும்பி, வண்டியில் ஏறக் கால் வைத்தார் பாருங்கள், வலது முட்டி ‘மடக்’கென்றது. மனிதர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி எழ முடியவில்லை. தெரு ஒரு நொடி வாயை மூடியது. தெருவைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

முதலில் அசைந்தவன் நாகராசு. யாரையும் கேட்காமல் வண்டியிலிருந்து மாடுகளை அவிழ்த்து, தண்ணீர் காட்டக் கூட்டிக்கொண்டு போனான். நாலு வருஷத்தில் அவன் எடுத்த முதல் முடிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

அழகி பலகையைக் கொண்டுவந்து அப்பன் காலடியில் போட்டாள்.

“வேணாம்” என்றார் சோலையப்பன்.

“காலை நீட்டுங்கப்பா.”

“வேணாம்னா வேணாம். ஊரு பாக்குது.”

“பாக்கட்டுமே. வலைக்காரன் காலைத் தொட்ட கைன்னு கூச்சமா இருந்தா சொல்லுங்க, கழுவிட்டு வர்றேன்.”

அவர் காலை நீட்டினார். செவந்தி (நாகராசுவின் தங்கை, அப்போது பதினெட்டு வயது, ஓயாத வாய்) அடுப்பில் மணலை வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்தாள். அழகி அதைத் தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு ஒற்றி எடுத்தாள். முதல் ஒற்றலுக்கு அவர் ஊரையே திட்டினார், இரண்டாவதற்கு அமராவதியை மட்டும் திட்டினார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வதக்கிய இலையை அடுக்கி, பழைய வேட்டித் துணியால் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டாள். எண்ணெய்க் கையைக் கழுவக் கொல்லைப் பக்கம் போனாள்.

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. துணியின் நுனி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அமராவதி அதைப் பார்த்தாள். “கட்டைப் பாரு, தூளி கட்டின மாதிரி” என்று முனகிக்கொண்டே குனிந்து, நுனியை இழுத்து, மேலே இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

“ஆத்தா! என்ன பண்ணினே!” என்று செவந்தி அலறினாள்.

அமராவதி தன் கையைப் பார்த்தாள். நாங்களும் அந்தக் கையைத்தான் பார்த்தோம். ஒரே கட்டில் இரண்டு கை! எங்கள் ஊர் தோன்றிய நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை.

“இப்ப இதை யாரு அவுக்கணும்?” என்று சோலையப்பன் கண்ணைத் திறந்து கேட்டார்.

“மேல் முடிச்சை நான். அடி முடிச்சை அவ” என்றாள் அமராவதி. குரல் வெளியே வரவில்லை. அவள் குரல் வெளியே வராமல் நான் கேட்டது அன்றுதான். வேண்டுமென்றே போட்டாள் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருமகள் கட்டியதைத் திருத்தாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை வீக்கம் பாதி இறங்கியிருந்தது. வலி குறைந்த உடனே மனிதருக்குத் திமிர் திரும்பிவிட்டது. சுவரைப் பிடித்து எழுந்து நின்று, “அடைக்கலமோ கிடைக்கலமோ, அவனைச் சீக்கிரம் வரச்சொல்லி அவுத்து அனுப்பு. மத்தியான பஸ்ஸுக்குப் போறோம். என் கட்டைத் திருமயத்துல வச்சு அவுத்துக்கலாம்” என்றார்.

இலையை மூன்று தடவை மாற்றிக் கட்ட வேண்டும் என்று அழகி சொன்னாள். அதையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம், இலையை மூட்டையாகக் கட்டி எடு என்றார்.

“எடுக்கலாம்ணே” என்றாள் அமராவதி. இரவோடு இரவாக அவளுக்குக் குரல் திரும்பியிருந்தது. “ஏ செவந்தி, எம் பொட்டியை எடு. அந்தப் பச்சைச் சேலையையும் மடிச்சு வை.”

“நீ எங்கிட்டும்மா கெளம்புறே?” என்றார் சோலையப்பன்.

“மேல் முடிச்சு என்னுதுல்ல? நான் வராம யாரு அவுக்கிறது? நானும் வர்றேன். ஒங்க வீட்டுல தங்குறதுல எனக்கு ஒண்ணும் கூச்சமில்லை. ஒங்க மண்டியில எத்தனை நாளு வேணாலும் இருப்பேன். மொளகா வாசம் எனக்குப் புடிக்கும்.”

சோலையப்பன் அவளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அந்த வண்டியில் மீமிசல் வரைக்கும், அப்புறம் பஸ்ஸில் அறந்தாங்கி, அப்புறம் திருமயம், பக்கத்தில் அமராவதி. மனிதர் மெல்ல உட்கார்ந்தார்.

“மூணு கட்டும் முடியட்டும்” என்றார். ஒரு தடவை இரண்டு கை பட்டுவிட்டதால், அடுத்த கட்டுகளுக்கும் அடி முடிச்சு அழகி, மேல் முடிச்சு அமராவதி என்று ஆயிற்று.

தங்கினால் பத்தியம் உண்டு. புளி ஆகாது, மீன் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது. முக்கியமாக, மிளகாய் ஆகாது. மிளகாய் மண்டிக்காரருக்கு மிளகுத் தண்ணியும் சோறும். முதல் வாய்க்கு அவர் முகம் போன போக்கைப் பார்க்க நான் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போயிருந்தேன்; உப்புக் கடன் கேட்கப் போனதாக ஞாபகம்.

மத்தியானம் அடைக்கலம் வந்தான். நல்ல உயரம், இடது காலில் கட்டு, தோளில் ஒரு கொடுவா மீன். அழகி கட்டை அவிழ்த்தாள். முள் குத்திய இடம் காய்ந்து தோல் கூடியிருந்தது. எழுந்து இரண்டு நடை நடந்தான். பிறகு சோலையப்பனைப் பார்த்தான்.

“ஐயா யாரு? புதுசா இருக்கு.”

“அழகிக்கு அப்பா” என்றாள் செவந்தி.

“சின்னம்மாவைப் பெத்தவுகளா!” தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். “ஐயா, இந்தக் கடக்கரை பூராவும் ஒங்க மகளைத்தான் சொல்லும். எங்க அண்ணன் காலு அழுகிப்போச்சுன்னு விட்டுட்டாங்க. சின்னம்மா கட்டித்தான் இன்னைக்கு வலைக்குப் போறான். இந்தாங்க, ஒங்களுக்குன்னு வச்சுக்கங்க.”

கொடுவாவை அவர் காலடியில் வைத்தான். முழங்கை நீளம். சோலையப்பன் அதைப் பார்த்த பார்வையில் கண் கலங்கியது; மகளை நினைத்தா, மீனை நினைத்தா என்பதை அவரிடமே விட்டுவிடுவோம். பத்தியக்காரர் இருக்கிற வீட்டில் மீன் வாசனையே ஆகாது என்று அமராவதி அதை என் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். நான் நன்றாகவே வறுத்தேன். காற்று அன்றைக்கு அந்தப் பக்கம்தான் அடித்தது.

அதிலிருந்து ஆள் மாறத் தொடங்கினார். ஒரேயடியாக மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது, வியாபாரி. ஆனால் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறவருக்கு வேறு வேலையில்லை. வாசலில் வருகிறவர்களைப் பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த கிழவர், தோள் இறங்கிய உப்பளத்துப் பெண், கணுக்கால் பிசகிய ஒரு தபால்காரர். எல்லோரும் ‘சின்னம்மா’ என்றார்கள். பெற்றவர் என்று தெரிந்ததும் அவரையும் கும்பிட்டார்கள். திருமயத்தில் அவரைக் கும்பிடுகிறவர்கள் எல்லாம் மிளகாய் கடனுக்குக் கேட்கிறவர்கள். இது வேறு மாதிரிக் கும்பிடு என்று அவருக்கு விளங்கிற்று.

இரண்டாவது கட்டு முடிந்த மறுநாள் அவரே வாசலில் அதிகாரம் பண்ண ஆரம்பித்தார். “இந்தாப்பா, முதல்ல வந்தவன் முதல்ல. பொம்பளைங்க அங்கிட்டு. நெழல்ல உக்காருங்க. எம் மகளுக்கு ரெண்டு கைதான்.” கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒருவர் இடுப்புப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஆள் அதிகம். சோலையப்பன் கையை ஆட்டி, “இன்னைக்கு முடியாது. வெள்ளிக்கெழமை வாங்க. காலையிலயே வந்துருங்க, எம் மக இருப்பா” என்று அனுப்பிவைத்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். செவந்தியும் கேட்டாள். உள்ளே இலை வதக்கிக்கொண்டிருந்த அழகியும் கேட்டாள். அகப்பையை ஒரு தரம் நிறுத்திவிட்டு மறுபடி கிண்டினாள்.

அன்று சாயங்காலம் இன்னொன்றும் வெளிவந்தது. மிளகுத் தண்ணியை ஊற்றிக்கொண்டே அமராவதி சாதாரணமாகக் கேட்டாள்: “ஏண்ணே, அண்ணி போனதுக்கப்புறம் வீட்டுல யாரு பொங்குறது?”

சோலையப்பனின் மனைவி போன ஆடியில் தவறிப்போயிருந்தாள். நாங்கள் எல்லோரும் துக்கத்துக்குப் போய் வந்தோம்.

“பொங்குறாங்க” என்றார்.

“யாரு?”

“கண்ணுச்சாமிதான் பொங்குறான்.” கண்ணுச்சாமி அவருடைய மூத்த மகன், அழகிக்குத் தம்பி. “சின்னவன் தண்ணி எடுப்பான். நான் மண்டியிலேருந்து வந்து… என்னத்தைச் சொல்ல. நேத்துப் பொங்கின பானையை இன்னைக்குச் சொரண்டிக்கிட்டு இருப்போம். அவ இருந்தப்ப மொளகா அரைக்கிற அம்மி சத்தம் கேக்கும். இப்ப அதுல பூனை படுத்துருக்கு.”

அவர் வந்ததற்குக் காரணம் வலைக்காரன் காலும் இல்லை, சந்தைப் பேச்சும் இல்லை, நாலு வருஷமாகப் பிள்ளை இல்லாததும் இல்லை. மூன்று ஆண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அடுப்பு மூட்ட ஆள் இல்லை! அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மனிதர் திருமயத்திலிருந்து இத்தனை மானத்தையும் ரோஷத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் வேலியோரத்திலிருந்து நகர்ந்தேன். அன்றைக்கு எதிர்வீட்டுக்காரியிடம்கூட உடனே சொல்லவில்லை. விளக்கு வைத்த பிறகுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது கட்டை அவிழ்க்கிற நாள். மலையாண்டி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். தெருவில் முக்கால்வாசிப் பேர் ஏதாவது ஒரு வேலையாக அங்கே இருந்தோம். நாகராசு திண்டாடிப்போய் ஒரு கட்டு வைக்கோலை இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் வைத்துக்கொண்டிருந்தான்.

அமராவதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “அண்ணே, ஒரு வார்த்தை. அழகி இங்கேயே இருப்பான்னு சொல்லுங்க. சொன்னாத்தான் மேல் முடிச்சு அவுரும்.”

“இது என்ன அநியாயம்!” என்றார் சோலையப்பன்.

“அநியாயந்தான். நீங்க செஞ்சதுக்குப் பதிலு.”

“அத்தை” என்றாள் அழகி. சத்தம் போடவில்லை. “அவுத்துருங்க.”

“நீ சும்மா இரு. இவரை விட்டா—”

“கட்டை வச்சு ஆளை மடக்கக்கூடாது அத்தை. நாளைக்கு நம்மகிட்ட எவன் காலை நீட்டுவான்? அவுத்துருங்க.”

அந்த வீட்டில் மாமியாருக்கு மருமகள் உத்தரவு போட்டதை அன்றுதான் பார்த்தேன். அமராவதி மூச்சை இழுத்தாள். எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் முடிச்சை அவிழ்த்தாள். அழகி உட்கார்ந்து தன் முடிச்சை அவிழ்த்தாள். இலையை எடுத்துப் பெட்டியில் போட்டாள். முட்டி வடிந்து, எலும்பு எலும்பாகத் தெரிந்தது.

“எந்திரிங்கப்பா. நடங்க.”

நடந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். வண்டியின் மீது கால் வைத்து ஏறி, இறங்கியும் காட்டினார். எங்களில் சிலர் கை தட்டினோம். இலை பாதி, ஒரு வாரம் வாயைக் குறைத்து ஓரிடத்தில் உட்கார்ந்தது பாதி என்பது என் கணக்கு. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

“இப்பச் சொல்றேன்பா” என்றாள் அழகி. “நான் வரலை. வலியோட இருக்கிறவுக கிட்டச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இப்பத்தான் காலு சரியாயிருச்சே.”

சோலையப்பன் முகம் மறுபடி சிவந்தது. “பெத்தவன் கூப்பிடுறேன்.”

“நீங்க கூப்பிட்டா வருவேன். பத்து நாளு இருந்து பொங்கிப் போட்டுட்டு வருவேன். ஒரேயடியா வரமாட்டேன். எனக்கு இங்கிட்டு வேலை இருக்கு.”

“எலை கட்டுறது ஒரு வேலையா?”

அழகி வேலிப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நல்ல வெயிலுக்கு முன்னாலேயே கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்து, நிழலில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். சோலையப்பனைப் பார்த்ததும் கும்பிட்டார்.

“வெள்ளிக்கெழமை வரச் சொன்னீகளே ஐயா. வந்துட்டேன்.”

“நீங்கதானப்பா வரச் சொன்னீங்க, எம் மக இருப்பான்னு” என்றாள் அழகி.

வியாபாரிக்குச் சொன்ன சொல் முக்கியம். அதுவும் பலர் முன்னால் சொன்ன சொல். சோலையப்பன் இடுப்புக்காரரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? அவரு எம்புட்டு நேரம் உக்காந்திருப்பாரு? மணலை வறுக்கச் சொல்லு” என்றார்.

நாகராசு வைக்கோலைக் கீழே போட்டான். அந்த முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து மாடுகூடத் திரும்பிப் பார்த்திருக்கும்.

“அப்ப என் அடுப்பு?” என்று சோலையப்பன் சின்னக் குரலில் கேட்டார்.

“அடுப்புக்கு மருமகளைத் தேடுங்கப்பா. மகளைத் தேடாதீங்க.”

செவந்தி அந்த நேரம் பார்த்து வறுத்த மணலோடு வெளியே வந்தாள். ஒரு வாரமாக அவருக்கு மணல் வறுத்ததும், மிளகுத் தண்ணி கொடுத்ததும், வாய்க்கு வாய் பதில் சொன்னதும் அவள்தான். சோலையப்பன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அமராவதி பார்த்தாள்.

“அண்ணே, எங்கிட்டுப் பாக்குறீங்க?”

“கண்ணுச்சாமிக்கு இந்தத் தைக்கு இருபத்தி மூணு முடிஞ்சுது, தங்கச்சி” என்றார் அவர்.

உண்மையான ‘தங்கச்சி’ அதுதான். அமராவதி விரல் விட்டு எண்ணினாள். “வீட்டுல மாமியா இல்லை, நாத்தனா நம்ம வீட்டுலயே இருக்கா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெண்ணைப் பெற்றவளுக்கு இதற்கு மேல் என்ன வசதி வேண்டும்?

“என்னைய யாரும் கேக்க மாட்டீகளா?” என்றாள் செவந்தி, மணல் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டே. “மாமா, ஒங்க ஊருல சினிமாக் கொட்டகை இருக்கா?”

“புதுக்கோட்டையில இருக்கு தாயி. பஸ்ஸு வீட்டு வாசல்லயே நிக்கும்.”

“மொளகா யாரு அரைக்கிறது?”

“அது… நீதான்…”

“எனக்குக் கண்ணு எரியும். ஒங்க மகன் அரைப்பாராமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

சோலையப்பன் போய்க் கேட்டிருக்கிறார். அரைப்பதாகச் சொல்லி ஆள் வந்தது.

ஆவணியில் கல்யாணம். பந்தியில் அந்த வளைந்த கைச் சித்தப்பாதான் மறுபடி அப்பளம் போட்டார். செவந்தி திருமயம் போகும்போது ஒரு சட்டியில் மணலோடு அடம்பங்கொடி கொண்டு போனாள். அந்தக் கல்லு மண்ணில் அது பிடிக்கவில்லை. அதனால் மாதம் ஒரு மூட்டை இலை பஸ் மேல் ஏறிப் போகும். அதை வைத்து அவள் அங்கே கட்டத் தொடங்கி, மண்டி வாசலில் ஒரு பக்கம் மிளகாய் மூட்டை, ஒரு பக்கம் முட்டி வலிக்காரர்கள் என்று ஆகிவிட்டது. சோலையப்பன் அங்கேயும் வரிசை ஒழுங்கு பார்க்கிறாராம். இடது முட்டி வீங்கியபோது மட்டும் மருமகளை நம்பாமல் மகளிடம் வந்தார்; அமராவதியைக் கட்டு அவிழும்வரை அடுத்த தெருவில் இருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அழகிக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறந்தது, யாருடைய அவசரத்துக்கும் இல்லாமல், அறுபத்திரண்டில். பெண். சங்கிலையை அமராவதிதான் அரைத்துக் கொடுத்தாள், உருண்டை சின்னதாக இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு. அடைக்கலம் மண்டபம் பக்கம் பெண் எடுத்து அங்கேயே போய்விட்டான். எனக்கு அதில் கொடுவா நஷ்டம். மலையாண்டி வண்டியை விற்றுவிட்டு அறந்தாங்கியில் மகளோடு இருக்கிறான், விந்தலோடு.

கண்ணுச்சாமி இன்றைக்கும் மிளகாய் அரைக்கிறான். போன மாசம் திருமயம் போயிருந்தபோது பார்த்தேன். நன்றாகவே அரைக்கிறான்.